என் கைக்கு மட்டும் பொருந்திய கைப்பிடி

பாலாவுக்கு, கோச்சடையிலிருந்து அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய கூரியர் வந்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது. கவரைப் பிரித்ததும் உன் கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஏதும் உள்ளே இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை. டைப் அடித்த தாள் ஒன்று, அதற்கே இன்னொரு பிரதி. 'என் தாயார் வடிவமைத்துத் தமது பெயரில் பதிவு செய்துள்ள பயணப்பைக் கைப்பிடியை, ஓசூரில் நான் தொடங்கவிருக்கும் தையல் கூடத்தில் பயன்படுத்திக்கொள்ள அவர் முழு மனதுடன் சம்மதிக்கிறார்.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. உன் அம்மாவை உனக்குத் தெரியும். ஒரு தாள் போதுமே, எதற்கு இரண்டு? 'முழு மனதுடன்' என்று எழுதச் சொன்னது நீயா, டைப் அடித்தவரா? மனதில் பாதிதான் இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? வாரம் ஒரு தடவை போன் பேசுகிறவன், இதைப் பற்றி வாயைத் திறக்காமல் தபாலில் அனுப்பக் காரணம் என்ன? டி.வி. மேஜையில் வைத்து, போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை கேட்டிருக்கது ஒரு கையெழுத்து. போடுறதுன்னா போடு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. நாலு நாளா அதைக் காவல் காத்துக்கிட்டுத் திரியிற" என்றார். உன் அப்பா இவ்வளவு நீளமாகப் பேசினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

என் சுபாவத்தைப் பற்றி நீ சிரித்திருக்கிறாய், அழுதும் இருக்கிறாய். பை தைக்கிற நம் ஷெட்டைப் பூட்டிவிட்டுக் காளவாசல் வரை வந்த பிறகு, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று கேட்டு உன்னைக் கப்பலூருக்கே திருப்பி வண்டி ஓட்ட வைத்தவள் நான். பால் பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து எடை குறைகிறது என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றவள். ஆனால் நான் இப்படியே பிறக்கவில்லை. நீ ஆறாவது படிக்கும்போது, தண்ணீர் பாட்டில் சாயாமல் இருக்க ஒரு பள்ளிக்கூடப் பையில் சரிவாக ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன். வாங்குவதாகச் சொன்ன ஒருவர் "ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டுத் தாரேன்க்கா" என்று சாம்பிளை வாங்கிப் போனார். மூன்றாம் மாதம் நாலு ஷெட் தள்ளி அதே பை, அதே சரிவு, வாசலில் வரிசையாகத் தொங்கியது. ஜிப் நிறம்கூட மாற்றவில்லை. அன்றைக்கு வந்த சந்தேகம் நியாயமான சந்தேகம். அதற்குப் பிறகு எனக்கு வந்ததெல்லாம் நியாயமானது என்று இந்த வயதில் சாதிக்க மாட்டேன்.

அந்தக் கைப்பிடி எங்கிருந்து தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். ஒரு டீச்சர், ஐம்பது வயதிருக்கும், நம் டிராவல் பையோடு பஸ் ஏறிக் கப்பலூர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். பையை மேஜையில் வைத்துவிட்டு வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் குறுக்காக இரண்டு சிவப்புக் கோடுகள், கயிற்றால் கட்டி அவிழ்த்த மாதிரி. "இம்புட்டுச் சாமான் வைக்க இடம் வச்சிருக்கீக, ஜிப்பு நல்லாருக்கு, தையல் நல்லாருக்கு. தூக்கிட்டுப் போற கையை ஒருத்தரும் நெனச்சுப் பாக்கலையே" என்றார். குறை சொல்ல வேண்டும் என்று வந்த குரல் இல்லை அது. நானோ, இவரை யார் அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. நீ தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் போன பிறகு அந்தப் பையின் இரண்டு பட்டைகளையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாய். ஒன்று மேலேறியும் ஒன்று கீழிறங்கியும் நெருக்க, பாரம் முழுவதும் பட்டையின் விளிம்பில்தான் இறங்குகிறது என்று சொன்னாய். எனக்கு அது நினைவில் இருக்கிறது. அந்த வார்த்தையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டு பட்டையையும் சேர்த்துச் சுற்றுகிற கைப்பிடி கடைகளில் இல்லாமல் இல்லை. வெல்க்ரோ ஒட்டிய ரெக்சின் துண்டு. புதிதில் நன்றாக ஒட்டும், பிறகு சேலையில் ஒட்டும், பனியனில் ஒட்டும், ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டாது. நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்த்தால் ரெக்சின் வழுக்கும். நான் வேறு மாதிரி செய்யப் பார்த்தேன். உள்ளே மிருதுவாக ஒரு ஸ்பாஞ்ச், மேலே சொரசொரப்பான துணி, மூட இரண்டு பிரஸ் பட்டன், கை நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் கரை மாதிரி உயர்த்திய மேடு. ஹவாய் செருப்பின் அட்டையை அறுத்துப் பார்த்தேன். சைக்கிள் டியூபைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று மாதம் வேறு நினைப்பே இல்லை. சோறு வடிக்கும்போது கஞ்சிப் பானையின் விளிம்பைப் பிடித்த பிடியைக்கூட இது சரியான கனமா என்று பார்த்த நாட்கள் அவை.

நீ அப்போதே சொன்னாய். "ம்மா, இதை நாலு பேர் கையில குடுத்துத் தூக்கிப் பாக்கச் சொல்லுவோம். ஒவ்வொருத்தர் கை ஒவ்வொரு மாதிரி இருக்கும்ல." நான் என்ன பதில் சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "நாலு பேர் கையில போச்சுன்னா நாளைக்கு நாப்பது ஷெட்டுல தைப்பான். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றேன். நம் கட்டிங் மாஸ்டர் இருளாண்டி அண்ணனிடம் ஸ்பாஞ்ச் வெட்டும் வேலையை மட்டும் கொடுத்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. மேல் துணியை வீட்டில் நானே வெட்டினேன். பட்டன் அடிக்கிற பெண்ணிடம் வெறும் துண்டுகளைக் கொடுத்தேன். முழுக் கைப்பிடி எப்படி இருக்கும் என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. முடிந்ததைப் பையில் மாட்டி, உள்ளே இருபது கிலோ அரிசியை வைத்து, படுக்கையறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நடந்து பார்த்தேன். அவ்வளவு சுகம். பாரமே தெரியவில்லை. உன் அப்பா வெளியே நின்று "உள்ள என்னத்த உருட்டிக்கிட்டு இருக்க" என்று கேட்டார். அவருக்குக்கூடக் காட்டவில்லை.

முந்நூறு பை போட்டோம். ஒரு மாதத்துக்குள் கடைகளிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன. ஆண்களுக்குக் கை உள்ளே அடங்கவில்லை. சுண்டுவிரல் அந்த மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, பத்தடி நடந்தால் வலிக்கிறது. பட்டன் விரல் முட்டியில் இடிக்கிறது. வயதானவர்களுக்குப் பட்டனை அமுக்கவே தெம்பு இல்லை. இரண்டு மேடுகளுக்கும் நடுவே மூன்றரை அங்குலம் விட்டிருந்தேன், என் உள்ளங்கை மூன்று அங்குலம். ஒரே ஒரு கைக்குத் தைத்துவிட்டு ஊருக்கே விற்கப் போயிருக்கிறேன். ஆனால் இதை நான் அன்றைக்கு உணரவில்லை, கேட்டுக்கொள். இருளாண்டி அண்ணன் வேண்டுமென்றே அளவைக் குறைத்து வெட்டிவிட்டார் என்று நினைத்தேன். அவரைக் கூப்பிட்டு, "யார் சொல்லி இப்படி வெட்டுனீக" என்று கேட்டேன். அந்த மனுஷன் நான் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "நீ எழுதிக் குடுத்த அளவுதாம்மா. எதுக்குன்னு சொல்லியிருந்தா பத்தாதுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார். என் கையெழுத்துதான். அதைப் பார்த்த பிறகும், இவர் எதற்காகச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்று என் புத்தி போயிற்று. என்னிடம் வேலை பார்க்கிறவர் சீட்டைப் பத்திரப்படுத்தத்தானே வேண்டும்?

இனி எழுதப் போவது உனக்குப் பாதி தெரிந்தது. மாதிரிக்குத் தைத்த கைப்பிடிகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் உள்தையலிலும் யாருக்கும் தெரியாமல் ஒரு சிவப்பு நூல் ஓட்டி, எண்ணி வைத்திருந்தேன். ஒருநாள் எண்ணினால் நான்கு குறைகிறது. அதே நாட்களில்தான் நீ சாயங்காலம் ஷெட் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வராமல் எங்கோ போய்விட்டு வந்தாய். கேட்டால் "சும்மா பிரண்டைப் பாக்கப் போறேம்மா" என்பாய். நீ குளிக்கப் போன நேரத்தில் உன் பையைத் திறந்தேன். நான்கு கைப்பிடியும் இருந்தன, சிவப்பு நூலோடு. கூடவே ஒரு நோட்டு. 'திருச்சி பஸ் பெரியம்மா – 3', 'கருப்புச் சட்டை – 4¼', 'மூட்டைக்காரர் – 4½ கனம் வேண்டாம்' என்று, நடுவில் பிரித்த இடமெல்லாம் பக்கம் பக்கமாக. எனக்கு அது ஆர்டர் எடுத்த நோட்டாகத் தெரிந்தது. பெயரை மறைத்து எழுதியிருக்கிறான், அளவைக் குறித்திருக்கிறான், யாரிடமோ பேரம் பேசுகிறான். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி நினைக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை என்பதை எழுதவே கை கூசுகிறது.

மறுநாள் உன் பின்னாலேயே வந்தேன். அப்போது உனக்கு இது தெரியாது. நீ வண்டியில் போனாய், நான் ஆட்டோவில் வந்தேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனாய். திருச்சி பஸ் நிற்கிற பக்கம் ஒரு ஆளிடம் பையைக் கொடுத்தாய். அவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார், நாலு எட்டு நடந்தார், தலையை ஆட்டினார். நீ குனிந்து எதையோ எழுதினாய். நான் ஒரு பழக்கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் உனக்கும் நடுவில் இருபதடி தூரம் இருக்கும். இருபதடி நடந்து வந்து "இங்க என்னப்பா பண்ணுற" என்று கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நான் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டேன் என்று திரும்பிவிட்டேன். சந்தேகப்படுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தப்புச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். முழுவதும் பார்க்க மாட்டோம், நமக்கு வேண்டியது கிடைத்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம்.

அடுத்த நாள் காலையில் ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டேன். நீ வந்து பழைய சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாய். பதினோரு தையல்காரர்களும் வெயிலில் நின்றார்கள். நான் வந்து புதுச் சாவியால் திறந்துவிட்டு, "உங்கிட்ட இருக்கற சாவியை அந்த மேஜையில வச்சிரு. இனிமே அது உனக்குத் தேவைப்படாது" என்றேன். எதற்கு என்று கேட்டாய். "மாட்டுத்தாவணியில போய்க் கேளு" என்றேன். உன் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு ஏதோ புரிந்த மாதிரி அது போய்விட்டது. "என் பின்னாடியே வந்தீங்களாம்மா?" என்றாய். நான் மேஜையைக் காட்டினேன். "வந்தது வந்தீங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாய். சாவியை வைத்தாய். அந்த நோட்டையும் அதன் பக்கத்திலேயே வைத்தாய். பத்து நாளில் ஓசூரில் பை கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாய். நோட்டை எதற்காக வைத்துவிட்டுப் போனாய் என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். நான் படிக்க வேண்டும் என்று வைத்தாயா, இனி இது வேண்டாம் என்று வைத்தாயா?

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உன் அப்பா சொல்லிவிட்டார். "அவன் கை அளவு எடுக்கத்தான் போறான். மொத அளவே என் கைதான் எடுத்தான். நீ திட்டுவன்னுதான் சொல்லலை." நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்ப நீங்களும் கூட்டா?" என்று கேட்டேன். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

ஏழெட்டு மாதம் கழித்துத் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக மாட்டுத்தாவணி வந்தேன். திரும்பி வந்த அந்த முந்நூறில் ஒரு பைதான் கையில். என் கைக்குத்தான் பொருந்துமே. மூட்டை தூக்குகிற ஒருவர் என் பையைத் தூக்க வந்தார்; கைப்பிடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இதை வச்சுக்கிட்டு ஒரு தம்பி சாயங்காலமானா வருவாப்ல. பிடிச்சுப் பாருங்கண்ணே, நடந்து பாருங்கண்ணேம்பாப்ல. கையை டேப்பால அளந்து எழுதிக்குவாரு. என் கையையே மூணு வாட்டி அளந்தாரு. இப்பக் காணமே, நல்லாருக்காரா?" என்று கேட்டார். எதற்கு அளந்தான் என்று கேட்டேன், தெரியாத மாதிரி. "அவுக அம்மா ஒரு கைப்பிடி கண்டுபிடிச்சிருக்காகளாம். அது எல்லாத்துக் கைக்கும் பொருந்தணும்னு அளக்குறேம்னாரு. அம்மாவைப் பத்தி அம்புட்டுப் பெருமையாச் சொன்னாரு" என்றார். என் பஸ் கிளம்பிப் போயிற்று. நான் ஏறவில்லை. கட்டின புருஷன் சொன்னதை நம்பாதவள், பெயர் தெரியாத ஒருவர் பஸ் ஸ்டாண்டில் சொன்னதை அந்த நிமிஷமே நம்பினேன். அழுதேன் பாலா. நாலு பேர் பார்க்க அழுதேன்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். உனக்குத் தெரியாத மீதிப் பாதி இனிமேல்தான். வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நூற்றுப் பன்னிரண்டு கைகள். முதல் பக்கத்தில் 'அப்பா'. எந்தக் கைக்கு எது வலித்தது, எந்த விரல் மேட்டில் ஏறியது, யாருக்குப் பட்டன் அமுக்க முடியவில்லை என்று எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் நீ வரைந்திருந்த படமும் இருந்தது. பட்டனே இல்லை, வெல்க்ரோ இல்லை. ஸ்பாஞ்ச் ஒரு பட்டையில் நிரந்தரமாகத் தைத்திருக்கிறது. அதன் ஒரு பக்கம் வாய் திறந்திருக்கிறது, இன்னொரு பட்டையை மேலிருந்து அதற்குள் செருகினால் போதும். தூக்கும்போது பாரம் இழுக்க இழுக்க வாய் தானாக மூடிக்கொள்ளும், கீழே வைத்ததும் திறந்துகொள்ளும். முனையில் மேடு இல்லை, லேசான சரிவுதான். அகலம் நாலே முக்கால். நான் மூன்று மாதம் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்டுபிடிக்காததை நீ பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே கண்டுபிடித்திருக்கிறாய். அதைப் பார்த்ததும் நான் உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஷெட்டுக்குப் போய் அதைத் தைத்தேன்.

வேலை செய்தது. நீ வரைந்தபடி, ஒரு நூல் மாறாமல். இந்தத் தடவை இருளாண்டி அண்ணன் கையில் முதலில் கொடுத்தேன், அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. அவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தம்பி யோசனை மாதிரி இருக்கேம்மா" என்றார். நான் பையை வாங்கி ஓரமாக வைத்தேன். பதிவு செய்யத் தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் போனேன். "யாரும்மா டிசைன் பண்ணது?" என்று கேட்டார். பாரத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். உன் பெயரைச் சொன்னால் நீ நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவாயோ என்று தோன்றியது. நான் அவமானப்படுத்தி அனுப்பிய பிள்ளை, பழி வாங்கினால் என்ன செய்வது? "நான்தான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உன்னைத் திருடன் என்று பூட்டு மாற்றியவள், அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து உன்னுடையதைத் திருடினேன். அந்தப் பை எங்கெல்லாமோ போயிற்று. ஷெட்டுக்கு வருகிறவர்கள் "எப்படிக்கா இதை யோசிச்சீக" என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். தீபாவளிக்கு நீ வந்து, சாப்பிட்டு, அன்றைக்கே பஸ் ஏறினாய். ஹாலில் அந்தப் பை இருந்தது. நீ பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை.

அதனால்தான் உன் தாள் வந்த ஆறு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. 'என் தாயார் வடிவமைத்து' என்று எழுதியிருக்கிறாயே, அதை நீ தெரிந்து எழுதினாயா? என்னைக் குத்திக்காட்டவா, எனக்கு விட்டுக்கொடுக்கவா? கையெழுத்துப் போடுகிறேனா, உண்மையைச் சொல்கிறேனா என்று சோதித்துப் பார்க்கவா? அல்லது வெறும் சட்டத்துக்காக, பதிவேட்டில் உள்ளதை அப்படியே எழுதினாயா? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது என்று ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. உன்னிடம் கேட்டால்தான் தெரியும். அறுபது வயதை நெருங்கும்போது இதைக் கற்றுக்கொண்டேன். நீயும் நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்கப் போகிறவன். பூட்டைப் போடு, இழுத்தும் பார், அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பொருள் காணவில்லை என்றால் பையைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து கேள். தைப்பவனிடம் எதைத் தைக்கிறான் என்று சொல். முழுவதையும் காட்டாமல் துண்டு துண்டாக வேலை வாங்கினால் தப்பு நடக்கும்போது அதைச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். உன் சுபாவம் உன் அப்பாவுடையது, இதெல்லாம் உனக்குச் சொல்லத் தேவையில்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் உன் உடம்பில் என் ரத்தமும் ஓடுகிறது, அதனால் சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் உன் அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தல்லாகுளம் போனேன். வழியில் காந்தி மியூசியம் சிக்னலில் நிற்கும்போது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கடைசிப் பக்கத்துப் படம், வக்கீல் கேட்டது, நான் சொன்னது எல்லாம். பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். "எடு, போவோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வக்கீலிடம் உன் தாளைக் கொடுத்து, இதில் நான் கையெழுத்துப் போட முடியாது என்றேன். சம்மதம் கொடுக்கிற இடத்தில் நான் இல்லை, இது அவனுடைய வேலை, பெயரை மாற்றி எழுதுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுக்கங்கம்மா. மகன்தான், இல்லைங்கல. ஆனா முழுசா அவர் பேருக்குப் போயிட்டா, நாளைக்கு உங்க ஷெட்டுலயே இதைத் தைக்கக் கூடாதுன்னு அவர் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். என் வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. என்னைப் பார்த்து ஒருவர் கேட்கிறார். கேட்க நன்றாக இல்லை. "தைக்க மாட்டேன் சார்" என்றேன். உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தக் கவரில் உன் தாள் இரண்டையும் கையெழுத்து இல்லாமலே திருப்பி அனுப்புகிறேன். உன் நோட்டையும் கூடவே உள்ளே வைத்திருக்கிறேன். வக்கீல் எழுதிய புதிய தாளில், கைப்பிடியை வடிவமைத்தது நீ என்றும், நான் என் பெயரில் பதிவு செய்தது தவறு என்றும், எல்லா உரிமையும் உனக்கு என்றும் எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே நீ கையெழுத்துப் போட வேண்டும். கப்பலூர் ஷெட்டில் அந்தக் கைப்பிடி வேலையை இன்றிலிருந்து நிறுத்திவிட்டேன். தைக்கலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று குடைய மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் பாலா. அம்மா அனுப்பியது என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதே. நல்ல வக்கீல் ஒருவரிடம் காட்டி, வரிக்கு வரி படித்துப் பார்த்துவிட்டுப் போடு. அம்மாவை நம்ப வேண்டும் என்று கேட்கிற தகுதியை நான் இன்னும் திரும்பச் சம்பாதிக்கவில்லை.